திகதி மட்டும் தெரிந்தால் போதாது: திருகோணமலையில் முதற் பிள்ளை பெற்றோருக்கான தடுப்பூசி வழிகாட்டி

கிளினிக் வாங்கில் பக்கத்தில் இருக்கும் தாயிடம் "இண்டைக்கு என்ன ஊசி?" என்று கேட்டுப் பாருங்கள். "நாலாம் மாத ஊசி" என்று உடனே சொல்லுவார். அது எந்த நோய்க்கு என்று கேட்டால், பெரும்பாலும் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும். நான் என் மூத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அதே வாங்கில் இருந்தபோது எனக்கும் திகதி மட்டுமே தெரிந்திருந்தது. மிட்வைஃப் சொன்ன நாளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவது நல்ல பழக்கம். இந்த மாவட்டத்தில் பெரும்பாலான பெற்றோர் அதைத் தவறாமல் செய்கிறார்கள். ஆனால் ஊசி எதற்கு, போட்ட பிறகு என்ன நடக்கும் என்பது தெரியாதபோது, மனதில் ஒரு வெற்றிடம் இருந்துகொண்டே இருக்கும். பிள்ளைக்கு முதல் காய்ச்சல் வரும் இரவில் அந்த இடத்தை வேறு யாரோ ஒருவருடைய சொல் நிரப்பிவிடும்.

எனக்கு நடந்தது அதுதான். இரண்டாம் மாத ஊசி போட்ட அன்று இரவு பிள்ளைக்கு உடம்பு கொதித்தது, தொடை வீங்கியது. "ஊசி போட்டதாலதான் இது, இனி அங்க கூட்டிக்கொண்டு போகாத பிள்ளை" என்று வீட்டிலிருந்த மூத்தவர் ஒருவர் சொன்னார். பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. நாலாம் மாத ஊசியை ஆறு கிழமை தள்ளிப் போட்டேன். அந்த ஆறு கிழமையும் என் பிள்ளை குக்கல் இருமலுக்கு எதிரான இரண்டாவது மருந்து இல்லாமல் இருந்தது என்பதைப் பின்னால்தான் அறிந்தேன். இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தத் தவறுதான்.

பிள்ளை பிறக்கும் முன்னும் பிறந்த உடனும்

கர்ப்பம் உறுதியானதும் உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தரிடம், அதாவது ஊர் வழக்கில் மிட்வைஃபிடம், பதிந்துகொள்ளுங்கள். தாய்க்குப் போடப்படும் ஏற்புவலித் தடுப்பூசி பிள்ளைக்கான முதற் பாதுகாப்பு. தாயின் உடலில் உண்டாகும் எதிர்ப்புச் சக்தி வயிற்றில் இருக்கும்போதே பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது.

நம்மில் பலர் முதற் பேற்றுக்குத் தாய்வீட்டுக்குப் போவது வழக்கம். உப்புவெளியில் பதிந்தவர் மட்டக்களப்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிள்ளை பெறுவார்; மூதூர்ப் பெண் கிண்ணியாவில் தாயாரோடு இருப்பார். அப்படியானால் புறப்படும் முன் இங்குள்ள மிட்வைஃபிடமும், போய்ச் சேர்ந்தவுடன் அங்குள்ளவரிடமும் சொல்லிவிடுங்கள். இரண்டு பக்கமும் "மற்றவர் பார்த்துக்கொள்வார்" என்று நினைத்ததால் இரண்டாம் மாத ஊசி தவறிய பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன்.

வைத்தியசாலையை விட்டு வரும் முன்பே பிள்ளைக்கு பி.சி.ஜி. ஊசி போடப்படும். இடது மேற்கையில், தோலுக்குள் மிகக் குறைந்த அளவு மருந்து செலுத்தப்படும். இது சிறுபிள்ளைகளைக் கொல்லக்கூடிய கடுமையான காசநோய் வகைகளிலிருந்து, குறிப்பாக மூளையைத் தாக்கும் காசநோயிலிருந்து, காக்கிறது. அத்துடன் உங்கள் கையில் பிள்ளையின் சுகாதார விருத்திப் பதிவேடு தரப்படும். எல்லோரும் கொப்பி என்று சொல்லும் அதில் ஊசி போட்ட திகதியும் மருந்தின் தொகுதி இலக்கமும் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வீட்டுக்குப் போகும் முன்னரே பாருங்கள்.

சில கிழமைகளுக்குப் பின் அந்த இடத்தில் சிறிய கொப்புளம் ஒன்று தோன்றும். அது உடைந்து சிறிது சீழ் வடிந்து, பொருக்காகி, கடைசியில் வட்டமான தழும்பாக மாறும். இதுதான் மருந்து வேலை செய்யும் விதம். மஞ்சள், சந்தனம், எண்ணெய், களிம்பு எதையும் அதில் பூசாதீர்கள், கட்டும் போடாதீர்கள், குளிப்பாட்டிய பின் மெதுவாக ஒற்றித் துடைத்தால் போதும். ஆறு மாதமாகியும் தழும்பு இல்லாவிட்டாலோ, அக்குளில் கட்டி வந்தாலோ கிளினிக்கில் காட்டுங்கள்.

துடக்கு கழியும் முப்பத்தொரு நாளும், முஸ்லிம் குடும்பங்களில் நாற்பது நாளும், தாயும் பிள்ளையும் வெளியே போவதில்லை. இதனால் ஊசிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை, ஏனெனில் அடுத்த ஊசி இரண்டு மாதம் நிறைந்த பின்புதான். ஆனால் அந்த நாட்களில் வீடு தேடி வரும் மிட்வைஃபை வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடாதீர்கள். அவர் பிள்ளையின் தொப்புளையும், நிறத்தையும், பால் குடிக்கும் விதத்தையும் பார்க்க வேண்டும்.

எந்த மாதத்தில் எது, ஏன்

இலங்கையில் விரிவுபடுத்தப்பட்ட தடுப்பூசித் திட்டம் 1978 இல் தொடங்கியது. தேசிய அட்டவணையில் உள்ள அனைத்தும் இலவசம். இரண்டு, நான்கு, ஆறு மாதங்கள் நிறையும்போது ஐங்கூட்டுத் தடுப்பூசி தொடையில் போடப்படும். தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி, ஈரலழற்சி பி, ஹிப் என்னும் கிருமியால் வரும் மூளைக்காய்ச்சலும் நியுமோனியாவும் ஆகிய ஐந்துக்கும் அந்த ஒரே ஊசி. அதே மூன்று வருகைகளிலும் போலியோவுக்கான சொட்டு மருந்து வாயில் விடப்படும். இரண்டாம், நான்காம் மாதங்களில் போலியோவுக்கான சிறிய ஊசியொன்றும் கையில் போடப்படும்.

ஒன்பதாம் மாதத்தில் எம்.எம்.ஆர். இது சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஆகிய மூன்றுக்கும். ஒரு வயது நிறைந்ததும் யப்பானிய மூளைக்காய்ச்சலுக்கான ஊசி. பதினெட்டாம் மாதத்தில் தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி ஆகிய மூன்றுக்குமான முக்கூட்டு ஊசியும் போலியோச் சொட்டும். மூன்று வயதில் இரண்டாவது எம்.எம்.ஆர். ஐந்து வயது நிறைந்ததும் தொண்டைக்கரப்பானுக்கும் ஏற்புவலிக்குமான ஊசியும் கடைசிப் போலியோச் சொட்டும்.

இவற்றில் நம் மாவட்டத்துப் பெற்றோர் சற்று நின்று யோசிக்க வேண்டியது யப்பானிய மூளைக்காய்ச்சல். பெயரைப் பார்த்து எங்கோ தூர நாட்டு நோய் என்று பலர் நினைக்கிறார்கள். நெல்வயலில் தேங்கும் நீரில் பெருகும் நுளம்புகளே இதைப் பரப்புகின்றன. பன்றிகளிலும் நீர்ப்பறவைகளிலும் வாழும் வைரசு அந்த நுளம்புகள் மூலம் மனிதருக்கு வருகிறது. 1980களின் நடுப்பகுதியில் நமக்கு அடுத்துள்ள வடமத்திய மாகாணத்து நெற்செய்கைப் பகுதிகளில் இது பெரிதாகப் பரவிய பின்னரே 1988 இல் இதற்கான தடுப்பூசி இந்நாட்டில் தொடங்கப்பட்டது. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் வயல் ஓரத்தில் வீடு உள்ளவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

போலியோவின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். இந்நாட்டில் கடைசியாக ஒருவருக்கு அந்த நோய் வந்தது 1993 இல். அதன் பிறகு போர் நடந்த ஆண்டுகளிலும் சொட்டு மருந்து கொடுக்கும் நாட்களுக்காக இரு தரப்பும் சண்டையை நிறுத்தி வைத்தன. ஷெல் விழுந்த ஊர்களிலும் தாய்மார் பிள்ளைகளோடு வரிசையில் நின்றார்கள்.

கிளினிக் போகும் காலை

பிள்ளைக்குத் தொளதொளப்பான, தொடையையும் மேற்கையையும் எளிதில் திறக்கக்கூடிய உடுப்பைப் போடுங்கள். வயிறு நிறையப் பால் கொடுங்கள். கொப்பியைப் பொலித்தீன் உறையொன்றில் போட்டுக் கொண்டு செல்லுங்கள்; மாரி மழையில் நனைந்து மை கரைந்த பக்கங்களை வைத்துக்கொண்டு திகதி தேடுவது மிகவும் சிரமம்.

தடிமன், இலேசான இருமல், சிறு வயிற்றோட்டம், மூக்கொழுகல் ஆகியவற்றுக்காக ஊசியைத் தள்ளிப் போட வேண்டியதில்லை. பிள்ளை குறைமாதத்தில் பிறந்திருந்தாலும் பிறந்த நாளிலிருந்தே மாதங்களைக் கணக்கிட்டு ஊசி போடப்படும். கடும் காய்ச்சல் இருந்தால் சுகமாகும் வரை பிற்போடுவார்கள். அந்த முடிவை வீட்டில் எடுக்காமல், பிள்ளையைக் கொண்டுபோய்க் காட்டி, மருத்துவரை எடுக்க விடுங்கள். "சளி இருந்தது, அதனால் வரவில்லை" என்பதுதான் பிந்தி வரும் தாய்மாரிடம் நான் அதிகம் கேட்ட காரணம்.

ஊசிக்கு முன் நீங்களாகவே சொல்ல வேண்டியவை சில உள்ளன: முந்திய ஊசிக்குப் பின் வலிப்பு வந்திருந்தால், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் விடாமல் அழுதிருந்தால், உடம்பு தளர்ந்து வெளிறிப் போயிருந்தால், மூச்சுத்திணறலோ உடம்பு முழுதும் தடிப்போ வந்திருந்தால், அண்மையில் இரத்தம் ஏற்றப்பட்டிருந்தால், நோயெதிர்ப்பைக் குறைக்கும் மருந்து எடுத்தால். கேட்கும் வரை காத்திருக்காதீர்கள். கூட்டமான நாளில் கேள்வி உங்களிடம் வந்து சேராமலும் போகலாம்.

ஊசி போடும்போது பிள்ளையை மடியில் பக்கவாட்டாக இருத்தி, அதன் ஒரு கையை உங்கள் முதுகுப்புறமாக விட்டு, மற்றக் கையை உங்கள் கையால் அணைத்து, கால்கள் இரண்டையும் உங்கள் தொடைகளுக்கிடையில் மெதுவாகப் பிடியுங்கள். இறுக்கிப் பிடிப்பதை விட நெஞ்சோடு சேர்த்துப் பிடிப்பதே நல்லது. தாயின் நெஞ்சுத் துடிப்பு பிள்ளைக்குக் கேட்கும்.

மருந்துகள் குளிர்ப்பெட்டியில் 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் வைக்கப்பட்டிருக்கும். பி.சி.ஜி., எம்.எம்.ஆர். போன்றவை தூளாக வந்து அங்கேயே கரைக்கப்படுகின்றன. கரைத்த குப்பியை ஆறு மணித்தியாலத்துக்கு மேல் பயன்படுத்தக்கூடாது. ஒரே குப்பியில் பல பிள்ளைகளுக்கான மருந்து இருக்கக்கூடும் என்பதால்தான் ஊசிக்கென்று கிளினிக் நாள் குறிக்கப்படுகிறது. நினைத்த நாளில் போனால் "அடுத்த கிளினிக்குக்கு வாங்க" என்று திருப்பி அனுப்பப்படுவதற்கும் அதுவே காரணம். புறப்படும் முன் மூன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: இன்று என்ன போடப்பட்டது, இன்றிரவு எதை எதிர்பார்க்கலாம், அடுத்த திகதி எது. பிறகு அரை மணி நேரமாவது அங்கேயே இருங்கள். கடும் ஒவ்வாமை பத்து இலட்சம் ஊசிகளில் ஒன்றுக்கு வரும் அளவுக்கு மிக அரியது. வந்தால் பெரும்பாலும் இந்த நேரத்துக்குள்தான் வரும், அதற்கான மருந்தும் அங்கேயே இருக்கும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று ஓட வேண்டாம்.

அன்றைய இரவு

இந்தப் பகுதியைப் பிள்ளையின் தகப்பனும், அம்மம்மாவும், மாமியும் சேர்ந்து வாசிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தீர்மானங்கள் மாறுவது அந்த இரவில்தான்.

ஐங்கூட்டு ஊசிக்குப் பின் அன்று மாலையிலிருந்து ஒரு நாள், சில வேளை இரண்டு நாள், காய்ச்சல் இருக்கலாம். ஊசி போட்ட தொடை சிவந்து வீங்கி, தொட்டால் பிள்ளை அழலாம். அந்த இடத்தில் பயறளவுக் கட்டி ஒன்று சில கிழமைகள் நின்று தானாகக் கரையும். இதில் முக்கியமான பங்கு குக்கல் மருந்துக்குரியது. உடம்பு அந்தக் கிருமியின் உருவத்தைக் கண்டு படையைத் திரட்டுகிறது. அந்தத் திரட்டலின் சூடுதான் காய்ச்சல். எல்லாப் பிள்ளைகளுக்கும் காய்ச்சல் வருவதில்லை; வராவிட்டால் மருந்து வேலை செய்யவில்லை என்றும் பொருளில்லை.

எம்.எம்.ஆர். வேறு விதமானது. அன்றிரவு பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஒரு கிழமை கழித்து, ஏழாம் நாளிலிருந்து பன்னிரண்டாம் நாளுக்குள், காய்ச்சலும் சிறு தடிப்பும் வரலாம். அதை அறியாத தாய் சின்னமுத்து வந்துவிட்டதென்று பயப்படுவார். ஏதோ ஒரு காகிதத்தில் அந்த நாட்களைக் குறித்து அலுமாரிக் கதவில் ஒட்டி வையுங்கள்.

தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள். கம்பளியைச் சுற்றாதீர்கள், நம் ஊர் வெக்கையில் போர்த்தினால் சூடு இன்னும் ஏறும். உடுப்பைக் குறைத்து, சாதாரண தண்ணீரில் நனைத்த துணியால் துடைக்கலாம். பரசிட்டமோல் பாணி தேவைப்பட்டால் பிள்ளையின் எடைக்கேற்பக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோகிராமுக்கு 15 மில்லிகிராம், ஆறு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, நாளில் நான்கு தடவைக்கு மேற்படாமல். ஐந்து கிலோ எடையுள்ள பிள்ளைக்கு அது 75 மில்லிகிராம். 5 மில்லிலீட்டரில் 120 மில்லிகிராம் உள்ள பாணியில் ஏறத்தாழ 3 மில்லிலீட்டர். துளி மருந்துப் போத்தல்கள் பாணியை விடப் பலமடங்கு செறிவானவையாக இருக்கலாம் என்பதால், உங்கள் போத்தலுக்குரிய அளவைக் கிளினிக்கிலேயே கேட்டுக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். தேக்கரண்டியால் அளக்காமல் மருந்தோடு வரும் அளவியைப் பயன்படுத்துங்கள். அஸ்பிரின் கொடுக்கவே கூடாது. வீக்கத்தின் மேல் எண்ணெய் போட்டு உருவவும் வேண்டாம்.

காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நீடித்தால், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால், வலிப்பு வந்தால், மூச்சு வேகமானால், மூன்று மணித்தியாலத்துக்கு மேல் கீச்சிட்டு அழுதால் விடியும் வரை பார்த்திருக்க வேண்டாம். பக்கத்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். வாகனம் இல்லாவிட்டால் 1990 சுவசெரிய அம்புலன்சை அழையுங்கள், அது இலவசம். அப்படி ஏதும் நடந்தால் பின்னர் மிட்வைஃபிடமும் சொல்லுங்கள். ஊசிக்குப் பின் நேரும் பாதகங்களைப் பதிந்து ஆராயும் ஒழுங்கு இந்நாட்டில் உண்டு, அதைத் தொடக்கி வைப்பது உங்கள் முறைப்பாடுதான்.

கேட்கப் போகும் பேச்சுக்கள்

"ஐங்கூட்டு ஊசியால் பிள்ளைகள் இறந்தார்கள்" என்று யாராவது சொல்லக்கூடும். நடந்தது இது: 2008 இல் அந்த ஊசி அறிமுகமான சில மாதங்களில், ஊசிக்குப் பின் சில குழந்தைகள் இறந்ததாக முறையிடப்பட்டது; உடனே அரசாங்கம் அதை நிறுத்தி வைத்தது; நிபுணர் குழு ஆராய்ந்து, அம்மரணங்களுக்கு ஊசிதான் காரணம் என்பதற்குச் சான்று காணாத பின்னர், 2010 இல் மீண்டும் தொடங்கினார்கள். பாதிக் கதை பயமுறுத்தும். முழுக் கதையைக் கேட்டால், சந்தேகம் வந்தபோது ஊசியை நிறுத்திப் பார்க்கக்கூடிய ஓர் அமைப்பு இங்கே இருப்பது தெரியும்.

"சின்னமுத்து அம்மாள் தரும் வருத்தம், அதற்கு ஊசி போடுவது குற்றம்" என்ற எண்ணம் சில வீடுகளில் இன்னும் உண்டு. வேப்பிலை வைப்பதையோ, பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பதையோ நான் குறை சொல்லமாட்டேன். என் வீட்டிலும் அது உண்டு. ஆனால் சின்னமுத்து நியுமோனியாவாகவும், கண்பார்வைக் கேடாகவும், மூளை வீக்கமாகவும் மாறக்கூடிய வைரசு நோய். அது வந்த ஒருவர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணித்தியாலம் வரை அந்தக் காற்றில் வைரசு நிற்கும். 2019 இல் இலங்கை சின்னமுத்தை ஒழித்துவிட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. 2023 இல் அது திரும்பி வந்து, அடுத்த ஆண்டு சில மாவட்டங்களில் ஒன்பது மாதம் நிறையாத குழந்தைகளுக்கும் மேலதிக ஊசி போட வேண்டியதாயிற்று. சொன்ன வயதில் இரண்டு எம்.எம்.ஆர். போடுவது ஏன் என்பதற்கு அந்த ஓர் ஆண்டே போதுமான விடை. இதே போல் தோன்றும் கொப்பளிப்பான் வேறு நோய். அதற்கான ஊசி தேசிய அட்டவணையில் இல்லை, தனியாரிடம் பணம் கொடுத்துப் போடலாம்.

எம்.எம்.ஆர். ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற செய்தி 1998 இல் இலண்டனில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து பிறந்தது. அதில் தரவுகள் திரிக்கப்பட்டிருந்தமை தெரியவந்து, வெளியிட்ட சஞ்சிகையே 2010 இல் அதை மீளப் பெற்றது; எழுதிய மருத்துவரின் பதிவும் நீக்கப்பட்டது. இலட்சக்கணக்கான பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் அப்படியொரு தொடர்பு காணப்படவில்லை. ஆட்டிசத்தின் அறிகுறிகள் கண்ணில் படத் தொடங்கும் வயதும் இந்த ஊசி போடும் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருப்பதுதான் மயக்கத்துக்குக் காரணம்.

கிண்ணியா, மூதூர்ப் பக்கத்துச் சகோதரிகள் சிலர் மருந்தில் ஆகாத பொருள் இருக்குமோ என்று என்னிடம் கேட்டதுண்டு. நியாயமான கேள்வி, அதை மனதில் வைத்துக்கொண்டு கிளினிக்கைத் தவிர்க்காமல், சுகாதார வைத்திய அதிகாரியிடமும் உங்கள் மௌலவியிடமும் நேரில் கேளுங்கள். ஹஜ்ஜுக்குப் போகும் ஒவ்வொருவருக்கும் மெனிங்கோகொக்கல் என்னும் வேறொரு மூளைக்காய்ச்சலுக்கான தடுப்பூசியைச் சவூதி அரசாங்கமே கட்டாயமாக்கியிருப்பதையும் நினைவிற்கொள்ளுங்கள்.

"இப்போது யாருக்குக் குக்கல் வருகிறது, எதற்கு ஊசி?" என்பவரிடம் நான் வாதாடுவதில்லை. கிண்ணியாப் பாலம் வரும் முன் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறித் துறையைக் கடந்து ஆஸ்பத்திரிக்குப் போன காலத்து மூதாட்டி ஒருவரிடம் அழைத்துப் போவேன். மூச்சு எடுக்க முடியாமல் நீலம் பாரித்த பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பாதைக்குக் காத்திருந்ததை அவர் சொல்லும்போது, கேட்பவர் பேசாமல் இருப்பார்.

தவறிப்போனால், இடம் மாறினால்

ஒரு ஊசி தவறியதற்காக முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. விட்ட இடத்திலிருந்து, உரிய இடைவெளியோடு தொடர்வார்கள். ஏச்சு விழுமே என்ற கூச்சத்தில் போகாமல் இருந்துவிடுவதுதான் பெரிய இழப்பு. கொப்பி தொலைந்தாலும் மிட்வைஃபின் பதிவேட்டிலும் கிளினிக் பதிவேட்டிலும் விபரம் இருக்கும். ஆனாலும் ஒவ்வொரு ஊசிக்குப் பின்னும் அந்தப் பக்கத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவருக்கும் அனுப்பி வைப்பது நல்லது.

தமிழ்நாட்டிலிருந்து திரும்பி வந்து குடியேறும் குடும்பங்கள் அங்குள்ள அட்டையைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும். அங்கு ஐங்கூட்டு ஊசி 6, 10, 14 ஆம் கிழமைகளில் போடப்படுவதால், இங்குள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு எது மீதியுள்ளது என்பதைச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில்தான் தீர்மானிப்பார்கள்.

பாடசாலைக்குப் போன பின்

ஐந்து வயது ஊசியோடு எல்லாம் முடிந்தது என்று கொப்பியை அலுமாரியின் அடியில் போட்டுவிடாதீர்கள். ஆறாம் வகுப்பில் பெண்பிள்ளைகளுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயைத் தடுக்கும் ஊசி ஆறு மாத இடைவெளியில் இரண்டு தடவை போடப்படுகிறது. இது 2017 இலிருந்து நடைமுறையில் உள்ளது. "பிள்ளை பெற முடியாமல் போகும்" என்ற வதந்தி இந்த ஊசியைத்தான் அதிகம் துரத்துகிறது. இந்த ஊசி கருப்பைக் கழுத்தைத் தாக்கும் ஒரு வைரசைத் தடுக்கிறது, பிள்ளைப்பேற்றுக்கு அதனால் ஒரு கேடும் இல்லை. அந்த வைரசு உடலுக்கு வரும் முன்னரே போட வேண்டும் என்பதாலேயே இந்த வயது தெரிவு செய்யப்பட்டிருக்கிறது. ஏழாம் வகுப்பில் ஆண், பெண் இருபாலாருக்கும் ஏற்புவலிக்கும் தொண்டைக்கரப்பானுக்குமான ஊசி உண்டு. ஊசி நாள் பற்றிப் பாடசாலையிலிருந்து கடிதம் வந்தால், அது புத்தகப் பைக்குள் மடிந்து கிடக்காமல் அன்றைக்கே வாசித்து, கேட்டிருந்தால் ஒப்பமும் இட்டு அனுப்புங்கள். முதல் ஊசி போட்ட திகதியைக் கொப்பியில் எழுதி, ஆறு மாதம் தள்ளி வரும் திகதியையும் அதன் கீழேயே குறித்து வையுங்கள்.